கொச்சி வெளுப்புத்துறையில் ஒரு நாள்

கொச்சிக்கு வருவோர் காணும் காட்சிகள் பெரும்பாலும் ஒன்றேதான். கடலோரத்தில் சீனவலைகள் எழுந்து தாழ்வதைக் காண்பர். 1524ஆம் ஆண்டு இறந்த வாஸ்கோ ட காமாவை முதலில் அடக்கம் செய்த புனித பிரான்சிஸ் ஆலயத்துள் நுழைந்து வெளிவருவர். மட்டாஞ்சேரியில் யூதர் தெருவை ஒருமுறை சுற்றிவிட்டு, மாலைப் படகில் எர்ணாகுளம் திரும்புவர். பணி மாற்றம் பெற்று இவ்வூருக்கு வந்த நாங்களும், ஊரிலிருந்து உறவினர் வரும்போதெல்லாம் இதே சுற்றைத்தான் சுற்றிக் காட்டினோம். அதே ஃபோர்ட் கொச்சியில், ‘வெளி’ என்னும் பகுதியில், தமிழர் பல தலைமுறைகளாக நடத்திவரும் வெளுப்புத்துறை ஒன்று உண்டு என்பதை அறியாமலே இருந்தோம். அங்கே எங்களை அழைத்துச் சென்றவை ஆறு அழுக்குக் கித்தான்கள்.

எர்ணாகுளத்தில் தமிழ்க் குடும்பங்கள் சில கூடி, பழைய வாடகை வீடொன்றில் ஞாயிறுதோறும் குழந்தைகளுக்குத் தமிழ் வகுப்பு நடத்தி வருகிறோம். மழைக்குப் பின் அவ்வீட்டின் சுவர்கள் பாசி படிந்தும் வர்ணம் உரிந்தும் கிடந்தன. பொங்கலுக்குள் வீட்டைப் புதுப்பிக்க வேண்டும், ஆனால் கையிருப்போ வர்ணம் வாங்கவே போதும், கூலிக்குப் போதாது. எனவே உறுப்பினர் யாவரும் விடுமுறை நாட்களில் கூடித் தாமே பூசுவது என்று முடிவாயிற்று.

அப்போது எங்களுக்குக் கை கொடுத்தவர், தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே பல ஆண்டுகளாக வர்ணம் பூசும் தொழில் செய்யும் அண்ணாச்சி ஒருவர். மகள் திருமணத்திற்காக ஊருக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த அவர், தம்முடைய ஏணியையும் ஆறு கித்தான் விரிப்புகளையும் எங்களிடம் ஒப்படைத்தார். ஒவ்வொன்றும் பன்னிரண்டு அடி நீளமும் ஒன்பது அடி அகலமும் உள்ள தடித்த பருத்தித் துணி. சிறு வேலைக்காரர்கள் பழம்புடவையையும் சாக்கையும் செய்தித்தாளையும் விரித்து வேலையை முடித்துவிடுவர். புடவையில் விழுந்த துளி கீழே இறங்கிவிடும். தாள் காலடியில் கிழியும். பிளாஸ்டிக் விரிப்பு வழுக்கும். அதன்மேல் விழுந்த வர்ணம் காயாமல் நின்று, மிதித்தவர் காலோடு வீடெங்கும் பயணம் செய்யும். கித்தானோ விழும் துளியைக் குடித்துத் தன்னிடமே நிறுத்திக்கொள்ளும்.

“சுவரில் விழுவது கூலி தம்பி, தரையில் விழுவது வசை. இரண்டிற்கும் நடுவே கிடப்பது இந்தத் துணிதான். தை பிறந்து ஐந்தாம் நாள் வருவேன். அன்றே எனக்கு வேலை இருக்கிறது. கொடுத்தபடி திருப்பிக் கொடுங்கள்” என்றார் அண்ணாச்சி.

கொடுத்தபடி திருப்பிக் கொடுப்பது எளிது என்றே எண்ணினோம். அதில் நாங்கள் செய்த பிழைகளைக் கூற வெட்கமாகத்தான் இருக்கிறது. எனினும் பிறர் அவற்றைச் செய்யாதிருக்க வேண்டும் என்பதற்காகக் கூறுகிறோம்.

முதற்பிழை முதல் நாளே நிகழ்ந்தது. பழைய சன்னல்களின் வர்ணத்தை உப்புத்தாளால் தேய்த்தபோது விழுந்த தூளை, கித்தானோடு சேர்த்து முற்றத்தில் உதறினோம். அருகில் குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்தனர். அக்காலத்து வர்ணங்களில் ஈயம் மிகுதியாக இருந்தது என்பதும், அந்தத் தூள் சிறுவர் உடலுட் சென்றால் மூளை வளர்ச்சியையே கெடுக்கும் என்பதும் எங்களுக்கு அப்போது நினைவில் இல்லை. வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருத்தல் கூடாது என்னும் மைய அரசின் விதிகள் 2016இல் எழுதப்பெற்று, 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன் பூசிய சன்னல்கள் நாடெங்கும் இன்னும் இருக்கின்றன. அத்தகைய தூள் விழுந்த விரிப்பை உதறாமல், ஈரத்துணியால் துடைத்து, உட்புறமாக மடித்து, வீட்டுத் துணிகளோடு சேராமல் தனியே அலசுதல் வேண்டும். எங்கள் குழுவில் இருந்த செவிலியர் ஒருவர் மாலையில் வந்து கண்டித்தபின், முற்றத்தை நீர் தெளித்துக் கூட்டினோம். குழந்தைகளின் கை கால்களைக் கழுவினோம்.

இரண்டாம் பிழை, எமல்ஷன் சிந்திய கித்தான் ஒன்றில் கொதிநீரை ஊற்றியது. கறை போகவில்லை, துணிதான் ஒரு சாண் சுருங்கியது.

மூன்றாவதைப் பிழை என்பதா, குறும்பு என்பதா என்று தெரியவில்லை. நாங்கள் உணவருந்தச் சென்ற நேரத்தில், வகுப்புக் குழந்தைகள் மீந்த நீல வர்ணத்தில் தூரிகையைத் தோய்த்து, ஒரு கித்தானின் நடுவே ‘அ’ என்றும் ‘ஆ’ என்றும் முழ அளவில் எழுதி வைத்திருந்தனர். எழுத்து அழகாகவே இருந்தது. ஆனால் துணி இரவல் துணியாயிற்றே!

அண்ணாச்சி திரும்புவதற்கு ஒரு வாரத்திற்கு முன்வந்த ஞாயிறன்று வேலை முடிந்தது. விடியற்காலையில் தேக்குக் கதவுகளுக்கு ஆளிவிதை எண்ணெய் தேய்த்தோம். கடைக்காரர் லின்சீட் ஆயில் என்று கூறுவது அதைத்தான். தேய்த்த கந்தல்களை ஒரு கித்தானுக்குள் வைத்து இறுகச் சுருட்டி, ஆறையும் இரண்டு மூட்டைகளாகக் கட்டினோம். மூட்டை கட்டுவதில் எங்களுக்குப் பெருமை உண்டு. ரயில்வே பார்சல் அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்ப்பதால், நாள்தோறும் காண்பது மூட்டைகளையே. ‘வெளியில் தமிழர் வெளுப்புத்துறை இருக்கிறது, எத்துணியையும் வெளுப்பர்’ என்று அலுவலக நண்பர் கூறியதை நம்பி, மனைவியும் மகனும் உடன்வர, எர்ணாகுளம் படகுத்துறைக்குச் சென்றோம்.

காலைப் படகு நிறைந்திருந்தது. இடப்புறம் வில்லிங்டன் தீவு நீண்டு கிடந்தது. துறைமுகத்தை ஆழப்படுத்த ராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியாளர் காயலடியில் வாரிய மண்ணைக் கொண்டே எழுப்பிய தீவு அது. அதன் கதையை மகனுக்குச் சொல்லிக்கொண்டு வந்தோம். மூட்டையின்மேல் அமர்ந்திருந்த அவன் இடையில், “அப்பா, மூட்டை சுடுகிறது” என்றான். “வெயிலப்பா” என்றோம். பிறகுதான் நினைத்துப் பார்க்கிறோம். நாங்கள் அமர்ந்திருந்தது நிழலில்.

ஃபோர்ட் கொச்சித் துறையில் இறங்கி ஆட்டோவில் சென்றால் வெளி சிறிது தொலைவுதான். பெயருக்கேற்ப அது ஒரு திறந்த வெளி. வரிசை வரிசையாகக் கயிறு கட்டி, விடுதிகளின் படுக்கை விரிப்புகளும் மருத்துவமனைத் துணிகளும் வேட்டிகளும் வெண்மையாக அசைந்துகொண்டிருந்தன. ஒரு புறம் தொட்டியும் கல்லுமாகத் தடுப்புத் தடுப்பாகத் துவைக்கும் இடங்கள். மற்றொரு புறம் நீண்ட கூடம். அங்கே பெட்டி போடுவோர் நின்றிருக்க, சிரட்டைக் கரியின் மணம் காற்றில் வந்தது. துவைக்கும் ஓசைக்கிடையே தமிழ் கேட்டது. சில சொற்களில் மலையாளம் கலந்தும், சில சொற்களில் நம் பாட்டிமாரின் பேச்சை ஒத்தும் இருந்த தமிழ்.

முதியவர் ஒருவர் எங்களை வரவேற்றார். மூட்டைகளைக் கண்டதும் சிரித்தார். “கித்தானா? ஓவியக் கண்காட்சி நடக்கும்போது இதுபோல வரும்” என்றார். 2012 டிசம்பரில் தொடங்கிய கொச்சி–முசிறிஸ் பினாலே என்னும் கண்காட்சியை அவர் குறிப்பிட்டார் என்பது பின்னரே விளங்கிற்று. பேசிக்கொண்டே மூட்டைக்குள் கையை விட்டவர், சட்டென்று வெளியே எடுத்தார். முகம் மாறிவிட்டது.

“பிள்ளையை அப்பால் கூட்டிப் போம்மா!” என்று எங்கள் மனைவியிடம் கூறிவிட்டு, மூட்டையை வெறுந்தரைக்கு இழுத்து, கட்டை அறுத்து, சுருளை உதைத்து விரித்தார். உள்ளிருந்த எண்ணெய்க் கந்தல்களிலிருந்து சுள்ளென்ற நெடி எழுந்தது. நடுவில் இருந்த கந்தல் பழுப்பேறித் தொட முடியாத சூட்டில் இருந்தது. கோல் ஒன்றால் அவற்றைத் தனித்தனியே மண்ணில் பரப்பி, நீர் தெளித்தபின்தான் முதியவர் நிமிர்ந்தார்.

“இன்னும் கொஞ்ச நேரம் கட்டியே வைத்திருந்தால் புகைந்திருக்கும் தம்பி. தீப்பெட்டி வேண்டாம் இதற்கு” என்றார்.

இதன் காரணத்தை நம் வாசகர் அனைவரும் அறிதல் நன்று. ஆளிவிதை எண்ணெய் காய்வது நீர் காய்வது போன்றதன்று. நீர் ஆவியாகிப் போகும்; அவ்வெண்ணெயோ காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று இறுகும். இறுகும்போது வெப்பம் பிறக்கும். கதவில் பரவியிருக்கும்போது அவ்வெப்பம் காற்றோடு கலந்து மறைந்துவிடும். கந்தலைக் கசக்கிச் சுருட்டி வைத்தாலோ வெளியேற வழியின்றி உள்ளேயே பெருகும். வெப்பம் பெருகப் பெருக எண்ணெய் விரைந்து இறுகும். விரைந்து இறுக மேலும் வெப்பம் பிறக்கும். சில மணி நேரத்தில் பஞ்சு தானாகவே தீப்பற்றக்கூடும். அத்தகைய கந்தலை ஒவ்வொன்றாக வெளியில் பரப்பி முற்றிலும் விறைக்கக் காயவிட வேண்டும். அல்லது நீர் நிறைந்த, மூடியுள்ள தகரப் பாத்திரத்தில் இட வேண்டும். குவித்து வைத்தல் ஒருபோதும் கூடாது.

எங்கள் வெட்கத்தை என்னென்பது! “பார்சலில் என்ன இருக்கிறது? எண்ணெய் உண்டா? தீப்பற்றும் பொருள் உண்டா?” என்று நாள்தோறும் நூறு பேரைக் கேட்பதுதானே எங்கள் உத்தியோகம்? 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டப்படி அபாயப் பொருளை மறைத்து ஏற்றுவது தண்டனைக்குரிய குற்றம் என்று எத்தனை பேருக்கு எடுத்துரைத்திருப்போம்! எண்ணெய் தோய்ந்த கழிவுப் பஞ்சை மூடியுள்ள இரும்புத் தொட்டியில் போடும் வழக்கத்தைப் பணிமனைகளில் கண்டும் இருக்கிறோம். அப்படிப்பட்ட நாங்கள், பலர் கூடிய படகில் அத்தகைய மூட்டையை ஏற்றி, அதன்மேல் பெற்ற பிள்ளையையும் அமர்த்தி வந்திருந்தோம். அவன் சுடுகிறது என்று சொல்லியும் கேட்கவில்லை. மனைவி ஒன்றும் பேசவில்லை. மகனின் கையைப் பற்றிக்கொண்டு நெடுநேரம் கயிற்றில் அசையும் துணிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதியவர் எங்களுக்குத் தேநீர் வரவழைத்துத் தம் துறையின் வரலாற்றைக் கூறினார். டச்சுக்காரர் 1663 முதல் 1795 வரை கொச்சியை ஆண்டனர். அக்காலத்தில் படைவீரர்களின் உடைகளை வெளுப்பதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்துவரப்பட்ட வண்ணார் மரபினரே தம் முன்னோர் என்று அவர் சொன்னார். பின்னர் ஆங்கிலேயர் வந்தனர். அவர்தம் உடைகளையும் வெளுத்தனர். நெடுங்காலம் குளங்குட்டைகளில் துவைத்து வந்தவர்களுக்கு 1976ஆம் ஆண்டு கொச்சி வளர்ச்சி ஆணையம் இப்போதுள்ள தொட்டிகளையும் கூடத்தையும் கட்டித் தந்தது. இளைஞர் பலர் வேறு தொழில்களுக்குச் சென்றுவிட்டனர்; வயதானவர்களே பெரும்பாலும் துறையில் நிற்கின்றனர். துணிக்குக் கஞ்சிப் பசையிட்டு வெளுத்த பெண்ணைச் சங்கப் பாடலே பேசுகின்றது. அத்துணைப் பழமையான கைத்திறன், ஆட்சிகள் மாறிய இவ்வூரில் இன்னும் அதே மொழியோடு நிற்பதைக் கண்டபோது மனம் நெகிழ்ந்தது.

பிறகு அவர் கித்தான்களைத் தரம் பிரித்தார். நாங்கள் அருகிருந்து பார்த்தோம்; பார்த்ததில் கற்றவற்றைக் கூறுகிறோம்.

சுண்ணாம்பு படிந்ததை முதலில் நனைக்கவே இல்லை. மூக்கில் துணி கட்டிக்கொண்டு, வெயிலில் காயவைத்துத் தென்னை ஈர்க்கால் தேய்த்துப் பொடியாக உதிர்த்தார். மீதி வெண்மையை வினிகர் சிறிது கலந்த நீரால் துடைக்க, அது நுரைத்துக் கரைந்தது. உடனே நல்ல நீரில் பலமுறை அலசினார். புளிப்பு நின்றால் நூல் நொய்ந்துபோகுமாம்.

எமல்ஷன் வேறு வகை. ஈரமாயிருக்கும்போது தண்ணீருக்கே போய்விடும். நீர் வற்றியபின், அதிலுள்ள நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் தோலாகிவிடும். பின்னர் எத்தனை நீர் ஊற்றினும் கரையாது. எனவே துணியைப் பலகைமேல் இழுத்துப் பரப்பி, சிரட்டையின் விளிம்பால் சுரண்டினார். செதில் செதிலாக வந்ததைச் சாக்கில் சேர்த்தாரே தவிரச் சாக்கடையில் விடவில்லை. “இந்த நீர் காயலுக்குத்தானே போகிறது!” என்றார்.

எனாமல் பட்ட இடங்களில் ஈரம் சிறிது இருந்தவற்றை மட்டும் டர்பன்டைன் தொட்ட துணியால் ஒற்றி எடுத்து, நெடி முற்றும் போகும்வரை காற்றில் தொங்கவிட்டார். அதற்குப் பின்னரே சோப்புநீர். காய்ந்துபோன எனாமலை அவர் தொடவே இல்லை.

“இது போகாதா?” என்று கேட்டோம்.

“போக்க வேண்டியதில்லை தம்பி. உதிர்வது எதுவோ, ஒட்டுவது எதுவோ அதுதான் போக வேண்டும். இது துணியோடு துணியாகிவிட்டது. இதைப் போக்கினால் துணியும் போகும். கறை வேறு, கேடு வேறு” என்றார்.

அச்சொல் எங்களுக்கு உறைத்தது. கண்ணுக்குத் தெரிந்த கறைகளுக்காக ஒரு வாரம் கவலைப்பட்டோம். அவற்றால் ஒரு தீங்கும் இல்லை. தீங்கு செய்ய இருந்தவையோ, கண்ணுக்குப் பெரிதாகத் தோன்றாத தூளும், ஒழுங்காக மடித்துக் கட்டிய கந்தலுமே.

மற்றத் துணிகளுக்குச் செய்யும் சிறப்புகள் எவையும் கித்தானுக்கு இல்லை. வெள்ளாவி இல்லை, வைத்தால் சுருங்கும். வெளுப்பு மருந்து இல்லை, இட்டால் நூல் நொய்யும். கஞ்சி இல்லை, பூஞ்சணம் பிடிக்கும். குளிர்ந்த நீர், மென்மையான சோப்பு, நல்ல வெயில் ஆகிய மூன்றே போதும். உலர்த்துவதற்கு அங்கே கவ்வி எதுவும் இல்லை. இரு புரிகளை முறுக்கிக் கட்டிய கயிற்றின் இடுக்கில் துணியின் முனையைச் செருகிவிடுகின்றனர். காற்று எவ்வளவு வீசினும் விழுவதில்லை. கனத்த கித்தான் இரண்டு வெயில் காய வேண்டும். ஈரம் ஒளிந்திருக்க மடித்தால் கொச்சிக் காற்றில் பூஞ்சணம் பூத்துவிடும்.

‘அ’, ‘ஆ’ எழுதிய கித்தானை விரித்தபோது முதியவர் நின்றார். “இது என்ன எழுத்து?” என்று வினவினார். அவருக்குத் தமிழ் பேசத் தெரியும். பள்ளியில் படித்ததெல்லாம் மலையாளம். எங்கள் மகன் முன்வந்து, தரை மணலில் விரலால் எழுதிக் காட்டினான். முதியவரும் குனிந்து அதன் அருகே ஒரு முறை எழுதிப் பார்த்தார். பின்பு சிரட்டையைக் கையில் எடுத்தவர், “இது ஒட்டவும் இல்லை, உதிரவும் இல்லை. இருக்கட்டுமா?” என்று கேட்டார். இரவல் துணி என்று சொன்னோம். “உடையவரே சொல்லட்டும். சுரண்டுவது எப்போதும் ஆகும்” என்று கூறி அதை அப்படியே அலசினார்.

இரண்டு நாள் கழித்துத் துணிகளை வாங்கச் சென்றபோது, ஒவ்வொரு கித்தானின் மூலையிலும் சிவப்பு நூலால் ஒரு தையல் இருந்தது. வர்ணம் படும் பக்கம் எது என்பதற்கு அடையாளமாம். எப்போதும் அப்பக்கமே மேலே இருக்க வேண்டும். மடிக்கும்போது அதுவே உள்ளே செல்ல வேண்டும். மாறி விரித்தால் பழைய வேலையின் வர்ணம் புதிய வீட்டின் தரையில் ஒட்டும். தையலுக்குக் கூலி கேட்கவில்லை; நாங்கள் கொடுத்ததையும் வாங்கவில்லை. “பிள்ளையைக் கூட்டி வந்து இன்னும் இரண்டு எழுத்துக் காட்டச் சொல்லுங்கள்” என்றார்.

தை ஐந்தாம் நாள் அண்ணாச்சி வந்தார். ஒவ்வொரு கித்தானையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். சுருங்கிய ஒன்றைக் கண்டு முகஞ்சுளித்தார். அதற்குரிய விலையைக் கொடுக்க நாங்கள் முன்வந்தபோது, பாதி வாங்கிக்கொண்டார். அது நியாயமே. எழுத்துள்ள கித்தானைக் கண்டதும், “யார் எழுதினது?” என்று கேட்டார். சொன்னோம். “தரை ஒழுகாதவரை எனக்கென்ன?” என்று கூறித் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

எண்ணெய்க் கந்தல் கதையை அடுத்த ஞாயிறு வகுப்பில் ஒளிக்காமல் கூறினோம். மகன் பெருமையோடு கேட்டுக்கொண்டிருந்தான். பிள்ளைகள் ‘சுடுகிறது’ என்றால் எழுந்து தொட்டுப் பார்ப்பது என்பது எங்கள் வீட்டில் இப்போது ஒரு விதியாகிவிட்டது.

அன்பர்களே, கொச்சிக்கு வந்தால் சீனவலைகளைக் கண்டபின் வெளிக்கும் ஒரு முற்பகல் செல்லுங்கள். வெளுக்க ஏதேனும் துணி எடுத்துச் செல்லுங்கள். வெறுங்கையோடு வேடிக்கை பார்க்கச் செல்வதினும் அது மேல். தமிழில் பேசுங்கள், தமிழிலேயே விடை வரும்.